பன்னெண்டு பதிமூணு ஸ்பேனர்

பைக்குள்ளிருந்து ஸ்பேனர் வந்தது. பிஸ்கட் பொட்டலம், மகள் நிவிதாவின் மாற்றுச் சட்டை, ஈரத்துண்டு, பாதி தின்ற பேரீச்சம்பழம், இத்தனைக்கும் அடியிலிருந்து. போலீஸ்காரர் அதை இரண்டு விரலால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி தூக்கி, முதலில் தங்கமாரியைப் பார்த்தார், அப்புறம் ஸ்பேனரைப் பார்த்தார், அப்புறம் பைகளின் வயிற்றுக்குள் கிடப்பதையெல்லாம் காட்டுகிற அந்தத் திரையைப் பார்த்தார். மூவாயிரம் வருஷத்து ராஜா சமாதியைக் கழற்றிக்கொண்டு போக விருதுநகர் பக்கத்திலிருந்து ஒருத்தி கருவியோடு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாரோ, பெரிய சமாதி சார், பன்னெண்டு பதிமூணு சைஸ் பத்தாது என்று சொல்லத் தோன்றியது, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, இது உங்க ஸ்பேனருதானே? என் பைக்குள்ள என்ன பண்ணுது?" சீனிராஜ் நிவிதாவின் ஷூ வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தான், நிமிரவே இல்லை. "மில்லுக்குப் போற பைன்னு நெனச்சிப் போட்டுருப்பேன்." "பூப்போட்ட பை. ஜிப்புல குஞ்சம் தொங்குது. இதத் தூக்கிட்டா மில்லுக்குப் போறீங்க?" "ஏய், விடேன் மாரி." கைடு மஹ்மூது நடுவில் புகுந்து, இவர் நூல் மில் ஃபிட்டர், கெய்ரோ பக்கத்தில் வேலை, நல்ல மனிதர், இந்தியா, என்று அரபியில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், இந்தியா மட்டும் அவளுக்குக் காதில் விழுந்தது. போலீஸ்காரர் ஸ்பேனரால் தன் மேஜைக் காலில் ஒரு நட்டைத் திருகுகிற மாதிரி பாவனை செய்து சிரித்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்தார். சீனிராஜ் அதைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான் என்று நீட்டினாள். அவன் வாங்கி, அவள் பைக்குள்ளேயே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான். எனக்கு என்ன கூலி இதைச் சுமக்க என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் வண்டி வந்துவிட்டது.

வண்டியில் உட்கார்ந்ததும் மறுபடி அந்த எண் வந்தது. நாற்பத்தாறு. காலையில் பல் விளக்கும்போது வந்தது, நைல் ஆற்றைப் படகில் தாண்டும்போது வந்தது, இப்போது இரண்டு பக்கமும் மொட்டை மலை நகர்கிறபோது வருகிறது. இன்றைக்கு நாற்பத்தாறாம் நாள். மாதக் கணக்கு தப்பினாலும் தப்பலாம், போன வருஷம் ஒரு தடவை நாற்பதுவரை போய் ஏமாற்றியிருக்கிறது, ஆனால் இது அது இல்லை, உடம்புக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும், படகுக்காரனின் டீசல் நாற்றம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. சீனிராஜிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரயில் டிக்கெட்டைக் கேன்சல் செய்திருப்பான். அதுதான் காரணம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமோ பதினான்காம் பக்கமோ, கறுப்பு வெள்ளையில் ஒரு கோபுரமும் ஒரு ஒட்டகமும், அதற்குக் கீழே ராஜாவை உள்ளே வைத்துக் கதவை மூடிவிடுவார்கள் என்று இரண்டு வரி. அவள் எழுந்து, "டீச்சர், கடைசியா கதவச் சாத்துனவன் உள்ள நின்னு சாத்துனானா வெளிய நின்னு சாத்துனானா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சகாயமேரி டீச்சர் பரீட்சைக்கு அதெல்லாம் வராது, உட்காரு என்றார். அந்தக் கேள்வி உட்காரவே இல்லை. அப்புறம் பன்னிரண்டாவது, தையல் வகுப்பு, கல்யாணம், நிவிதா, பாஸ்போர்ட், இந்தத் தேசத்துக்கு வந்து ஒன்றரை வருஷம் மில் குவார்ட்டர்ஸில் ரொட்டியும் குழம்பும், கடைசியில் மூன்று நாள் லீவு கிடைத்து ரயிலேறியபோது கேள்வியும் கூடவே ஏறிக்கொண்டது. அதைப் போய்க் கேன்சல் செய்வதா? ஆனால் அது மட்டும்தானா காரணம்? வண்டி ஒரு மேட்டில் குலுங்கியது. தன்னை அறியாமல் கை வயிற்றுக்குப் போயிற்று, பக்கத்தில் பார்த்தாள், அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான், கையை எடுத்துத் துப்பட்டாவைச் சரிசெய்தாள். எவ்வளவு தூரம் பார்த்தாலும் ஒரு மரம் இல்லை. புல் இல்லை, எருக்கஞ்செடிகூட இல்லை. இந்த மண்ணில் வேப்பங்கொத்துக்கு எங்கே போவாள் ஒருத்தி?

மஹ்மூது நிழலில் நிறுத்தி ஒரு பெரிய படத்தை விரித்தான். சமாதிக்குள் கைடு வந்து பேசக்கூடாதாம், கூட்டம் தேங்கிவிடுமாம், அதனால் எல்லாவற்றையும் வெளியிலேயே சொல்லி அனுப்புவான். அவன் இங்கிலீஷும் அவளுடைய இங்கிலீஷும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவைபோல, விட்ட இடத்தில் கை பேசும். இது மலை. இது வாசல். நேராக உள்ளே, கீழே கீழே கீழே, கடைசியில் பெரிய அறை, அங்கே ராஜா. ராஜா இப்போது இல்லை, மியூசியத்துக்குப் போய்விட்டார். "மதாம் தங்கா, கேள்வி?" நேற்றுக் கர்னாக் கோயிலில் அவள் கேட்டு வாங்கியதில் அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் கேட்டான். அவளுக்கு ஒன்றா இரண்டா. வெட்டிய கல்லையெல்லாம் எங்கே கொட்டினார்கள்? உள்ளே வரைந்தபோது வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள், விளக்கு வைத்தால் கூரையெல்லாம் கரி பிடிக்காதா? எண்ணெயில் உப்புப் போட்டால் கரி வராது என்கிறார்கள் என்றான் அவன். அட, வீட்டுக்குப் போய் விளக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சீனிராஜ் சொன்னான், "வெளியிலேயே எல்லாம் சொல்லிட்டாரே. போதும் மாரி. வா, நிழல்ல உக்காரலாம், பிள்ள தூங்கி விழுறா." "டிக்கெட்டு எடுத்தாச்சுல்ல?" "எடுத்தா என்ன. உள்ள வேக்காடா இருக்கும்." "அப்ப நீங்க நிவியப் பாத்துக்கோங்க. நான் போயிட்டு ஓடி வந்துர்றேன்." "ஓடாத," என்றான் சட்டென்று. அப்புறம் குரலை இறக்கி, "அது... எழவு வீடுதான மாரி," என்றான். சொல்லிவிட்டு நிவிதாவின் தொப்பியைச் சரிசெய்ய ஆரம்பித்தான், சரியாக இருந்த தொப்பியை.

எழவு வீடு. அந்த வார்த்தையை அவன் ஏன் எடுத்தான்? இரண்டு வருஷமாக அந்த வார்த்தை வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. அப்பா போனபோது அவளுக்கு மூன்றாம் மாதம். காலையில் டீ கேட்டார், டீ வருவதற்குள் சாய்ந்துவிட்டார், நெஞ்சு. போன் வந்ததும் அத்தை, சீனிராஜின் அம்மா, வாசலை மறித்து நின்றுகொண்டார், "உண்டாகியிருக்கிறவ எழவு வீட்டுக்குப் போகக்கூடாது தாயி, நாங்க போறோம், நீ இங்க இருந்து கும்பிட்டுக்கோ." பெற்ற அப்பாவை இங்கிருந்து கும்பிடுவதா? போனாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தாள், பாறை மாதிரி இருந்தது அந்தக் கால், வெடித்த குதிகாலில் சுண்ணாம்புக் கல் தூசி. பன்னிரண்டாம் நாள் கலைந்தது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார், நீ எங்கேயும் போனதால் இல்லை, எதைத் தின்றதாலும் இல்லை, பத்துப் பேரில் ஒருத்திக்கோ இரண்டு பேருக்கோ இப்படி ஆகும், கரு சரியாக ஊன்றவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதை அவள் நம்பினாள். பகலில் நம்பினாள். அத்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள், சொன்னேனே கேட்டாளா என்று பக்கத்து வீட்டில் சொன்னார், அது சுவர் தாண்டி வந்தது. சீனிராஜ் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததில் என்ன இருக்கிறது என்று இரண்டு வருஷமாக அவள் தோண்டிப் பார்க்கவில்லை, பழைய கிணற்றை எட்டிப் பார்க்காத மாதிரி விட்டுவிட்டாள். போன தடவை தெரிந்த அன்றைக்கே தெருவுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தோமே, அதைத் திருப்பி வாங்க முடியுமா, அப்புறம் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் முகத்தைச் சாய்த்துக்கொண்டு என்னாச்சு என்று கேட்டாளே, அதுதான், அதனால்தான் சொல்லவில்லை, டிக்கெட்டுக்காக இல்லை. இப்போது உள்ளே போய், பன்னிரண்டு நாள் கழித்து ஏதாவது ஆனால்? ஆகாது. ஆனால்? போகாமல் இருந்து ஆனால்? அப்போது எதைச் சொல்வார்கள், படகைச் சொல்வார்கள், டீசலைச் சொல்வார்கள், சொல்கிறவர்களுக்கு ஏதாவது கிடைத்துவிடும். ஆக, எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள் என்றால் பார்த்துவிட்டாவது வருவோமே. "பத்து நிமிசம்," என்றாள். அவன் தூங்கி விழுந்த நிவிதாவைத் தூக்கிக்கொண்டான்.

வாசலில் ஒரு விநாடி கால் நின்றது. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா? நேற்று அந்தக் கோயிலில் பழக்க தோஷத்தில் வாசலிலேயே கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நடந்து, வெயிலில் காய்ந்த கல் பாதத்தைப் பொரித்து, திரும்பி வந்தால் ஒரு சாரணர் கூட்டமே அவள் செருப்பை யாரோ தொலைத்ததென்று போலீசிடம் கொடுத்திருந்தது. கோயிலுக்குச் சரி, எழவு வீட்டுக்கு? எழவு வீட்டிலும் வெளியேதான் விடுவோம். ஆனால் இந்த எழவு நடந்து மூவாயிரம் வருஷம், தீட்டு எத்தனை வருஷம் நிற்கும், பதினாறாம் நாள் போய்விடும்தானே, பங்காளிகளே தலை முழுகி மண்ணாகி அந்த மண்ணும் பறந்துவிட்டது. பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, முட்டியில் பெல்ட் போட்டவர், "எக்ஸ்க்யூஸ் மீ" என்றார். செருப்போடு உள்ளே போனாள். பலகைச் சரிவு. இரண்டு பக்கமும் கைப்பிடி. பத்தடிக்குள் வெயில் கழன்று பின்னால் விழுந்தது, அதற்குப் பதிலாக ஒரு வாசனை, ஈரமில்லாத மண், பழைய சுண்ணாம்பு, முன்னால் போனவர்களின் வேர்வை. கண் பழகியதும் சுவர் எழுந்து வந்தது. எவ்வளவு பேர்! நாய்த் தலை, பருந்துத் தலை, கை கட்டப்பட்டவர்கள், தலையே இல்லாதவர்கள், கால் முளைத்த பாம்பு, படகு, படகு, மறுபடி படகு. ஓரிடம் விடாமல் எழுத்து. வெறும் இடம் கிடைத்தால் பேய் வந்து உட்கார்ந்துவிடும் என்று பயந்தவன் எழுதிய மாதிரி, அல்லது அவளுடைய பரீட்சைத் தாள் மாதிரி, தெரிந்ததும் தெரியாததும் சேர்த்துப் பக்கத்தை நிரப்பிவிடுவது. மஞ்சள் இன்னும் மஞ்சளாக இருந்தது. யார் அரைத்தார்கள் இந்த மஞ்சளை, எந்தக் கல்லில், அவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, இருக்கவேண்டும், வேலைக்கு வரும்போது யாரிடம் விட்டுவிட்டு வந்தாள்?

ஒரு மூலையில் படம் வராத இடம். அங்கே பாறை பாறையாகவே இருந்தது, அதில் உளித் தடம். தங்கமாரி நின்றுவிட்டாள். இது அவளுக்குத் தெரியும். ஒரே சாய்வில், வலது கைக்காரன் போட்டது, மேலிருந்து இடப்பக்கமாக இறங்குகிற கோடு. அப்பா கிணறு வெட்டு மேஸ்திரி, இருபத்தாறு கிணறு, தூக்குச் சட்டியோடு எத்தனை தடவை உள்ளே இறங்கியிருக்கிறாள், இப்படித்தான் சுவர் இருக்கும், இதே சாய்வு, தடத்தைப் பார்த்தே இது ராமையா போட்டது, இது நான் போட்டது என்பார். பழைய கிணற்றில் இறங்குமுன் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம், அணைந்தால் காற்று கெட்டிருக்கிறது. அவள் தலையைத் தூக்கி முன்னால் எரிகிற டியூப் லைட்டுகளைப் பார்த்தாள். எரிகிறது. சரிதான். அப்பா, இது உங்கள் கிணற்றைவிடப் பெரிது, தண்ணீர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வெட்டிய கிணறு. அப்போதுதான் அடிவயிற்றில் சுருக்கென்றது. சின்னது. ஊசியால் துணியை ஒரு தடவை குத்தி எடுத்த மாதிரி. கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இது அதா, அன்றைக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது, இல்லை, அன்றைக்கு இடுப்பிலிருந்து வந்தது, இது முன்னால், காலையில் ஒன்றும் தின்னவில்லை, காற்றாக இருக்கும், பசியாக இருக்கும், மேலே போய்விடலாமா, மேலே போவதற்கும் இதே தூரம், ஏற்றம் வேறு, பிஸ்கட் ஒன்று தின்றால், பிஸ்கட், பையைத் திறந்து கையை விட்டாள். பிஸ்கட்டுக்கு முன்னால் கையில் தட்டுப்பட்டது இரும்பு. சில்லென்று இருந்தது.

கை அங்கேயே நின்றது. சீனிராஜ் கருவியை மாற்றி வைக்கிறவன் இல்லை. குவார்ட்டர்ஸில் சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு கருவிக்கும் பென்சிலால் அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அதில்தான் அது தொங்க வேண்டும், நிவிதா ஒரு தடவை கட்டிங் பிளேயரை எடுத்து பொம்மைக்குக் கால் முறித்ததற்கு அரை நாள் பேசவில்லை. மில் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று பாக்கெட்டில் வந்துவிட்டதென்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தவன். அவன் பன்னெண்டு பதிமூணை ரயிலில் தூக்கிக்கொண்டு, படகில் தூக்கிக்கொண்டு, பூப்போட்ட பையில், மறந்து? நிவிதா வயிற்றில் இருந்தபோது அம்மா ஒரு பாக்குவெட்டியைத் துணியில் சுற்றி அவள் பையில் வைத்திருந்தாள், உண்டானவள் வெளியே போனால் வேப்பங்கொத்தோ ஒரு துண்டு இரும்போ கூட இருக்க வேண்டும், கெட்டது ஒன்றும் அண்டாது என்று. அது இடுப்பில் இடித்துக்கொண்டே இருக்கும், இதைத் தூக்கிப் போடுங்களேன் என்றால் சீனிராஜ்தான் கேலி செய்வான், பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லை என்றால் பாக்கு வெட்டிக் கொடு என்று. இந்தத் தேசத்தில் பாக்குவெட்டிக்கு எங்கே போவான். இரும்பு என்றால் அவனிடம் இருக்கிற இரும்புதானே. அட. எப்படித் தெரியும் அவனுக்கு? அவள் சொல்லவில்லை. வாந்தி எடுக்கவில்லை. மாதா மாதம் நாப்கின் அவன்தான் வாங்கி வருவான், முக்குக் கடை பெரியவரிடம் அரபியில் பேர் சொல்லத் தெரியாமல் விரலால் காட்டி, இரண்டு கறுப்புப் பையில் சுற்றி, வெடிகுண்டு மாதிரி கொண்டுவருவான். போன மாதம் அவள் வாங்கி வரச் சொல்லவில்லை. அவ்வளவுதான். கணக்கு அதுவே. நாற்பத்தாறு நாளாக ஒருத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றால் பக்கத்துப் பாயில் இன்னொருத்தரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், ஒருவருக்கொருவர் கேட்காமல், உதட்டை அசைக்காமல். ஓடாத என்றானே. அந்த மனுஷனுக்கும் பயமாக இருந்திருக்கிறது. இரண்டு வருஷமாக அவன் பேசாமல் இருந்தது அவள்மேல் கோபமா என்று மூடி வைத்திருந்தாளே, அது கோபம் இல்லை, இதுதான், இந்தச் சில்லென்ற சாமான். ஸ்பேனரின் வாயில் விரலை விட்டாள். சரியாக நுழைந்தது. சுருக்கு மறுபடி வரவில்லை. வருமா என்று நின்று பார்த்தாள். ஒரு பிஸ்கட்டை முழுசாக வாயில் போட்டு, இங்கே தின்னக்கூடாது என்று பலகை இருக்குமோ என்று சுற்றிப் பார்த்துக்கொண்டே மென்றாள். வரவில்லை.

பெரிய அறையில் கூரை வளைந்திருந்தது. நடுவே ராஜாவின் கல்பெட்டி உடைந்து கிடந்தது, ஆனால் யாரும் கீழே பார்க்கவில்லை, எல்லோரும் வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளும் பார்த்தாள். கருநீலம். அதில் மஞ்சளாக ஒரு பெண், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நீண்டு, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், அறை முழுவதையும் தன் உடம்பால் மூடிக்கொண்டு. ஒருத்தி இல்லை, முதுகோடு முதுகாக இரண்டு பேர். உடம்பு நெடுக உருண்டை உருண்டையாகச் சிவப்பு. மாலையா? மாலை என்றால் கழுத்தில் அல்லவா இருக்கும். உள்ளேயா இருக்கிறது? நீள அங்கி போட்ட காவல்காரர் ஒருவர், முன்பல் ஒன்று இல்லாதவர், இவள் கழுத்து வலிக்கப் பார்ப்பதைப் பார்த்து டார்ச்சை அடித்தார். வெளிச்சம் அந்தப் பெண்ணின் வாய்க்குப் போயிற்று. வாய்க்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு உருண்டை. "ஷம்ஸ்," என்றார், நிவிதா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கற்றுவந்த வார்த்தை, சூரியன். அவர் தன் வாயைத் திறந்து ஒரு லட்டை விழுங்குகிற மாதிரி விழுங்கினார். டார்ச் நகர்ந்தது, நெஞ்சு, வயிறு, ஒவ்வொரு உருண்டையாக, ராத்திரி ராத்திரி ராத்திரி என்று இங்கிலீஷில், கடைசியில் தொடைக்குப் பக்கத்தில் நின்றது. "மார்னிங். பேபி." இரண்டு கையையும் ஏந்தித் தாலாட்டிக் காண்பித்தார். சாயந்தரம் விழுங்கி, ராவெல்லாம் சுமந்து, விடியலில் பெறுகிறாளா? தினமுமா? ஒரு நாள் லீவு கிடையாதா? முதலில் வந்தது அந்த நினைப்புதான், அப்புறம்தான் மற்றது மெதுவாக வந்தது. செத்தவனைக் கொண்டுவந்து வைக்கிற அறையின் கூரையில் போய் இதை வரைந்திருக்கிறார்கள். எழவு வீட்டுக்குள் உண்டானவள் வரக்கூடாது என்று இவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவளைத்தான் முதலில் கூப்பிட்டு மேலே நிறுத்தியிருக்கிறார்கள், இந்தா தாயி, இவனை விழுங்கு, காலையில் கொடு என்று. அத்தை இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? இடுப்பு கடுக்குமேடி இவளுக்கு என்பார். நிச்சயம் அதைத்தான் சொல்வார், அத்தைக்கு அஞ்சு பிரசவம்.

கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். இவரைவிட்டால் ஆள் கிடையாது. கதவு என்று கையால் காட்டினாள், இழுத்துச் சாத்துகிற மாதிரி காட்டினாள், யார் என்பதற்கு ஹூ என்றாள், உள்ளேயா வெளியேயா என்று இரண்டு பக்கமும் கையை வீசினாள். வெள்ளைக்காரப் பாட்டி முட்டியைத் தடவிக்கொண்டே ஆர்வமாகப் பார்த்தார். காவல்காரர் யோசித்தார். அப்புறம் தன் நெஞ்சைத் தட்டிக்காட்டி, "மை கிராண்ட்பாதர்," என்றார், அவர் தாத்தா, தாத்தாவுக்குத் தாத்தா என்று கையை முதுகுக்குப் பின்னால் வீசிக்கொண்டே போனார். "அவுட்சைட். அவுட்சைட். ஈவினிங் ஹோம். ஈட்." வெளியே நின்று சாத்திவிட்டு, சாயந்தரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். சகாயமேரி டீச்சர், கேட்டுக்கொள்ளுங்கள். சாத்தியவனுக்கு வீட்டில் ஒருத்தி சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வருவதற்கு முன்னால் குளித்துவிட்டு வா என்று சொல்லியிருப்பாள்.

ஏறும்போது ஓடவில்லை. கைப்பிடியைப் பிடித்து, பாட்டியை முன்னால் விட்டு, கால்முளைத்த பாம்புக்கும் நாய்த் தலைக்கும் போய்வருகிறேன் சொல்லி, வெளிச்சம் முதலில் காசளவாக, அப்புறம் தட்டளவாக, அப்புறம் அப்படியே முகத்தில் கொட்டியது. சீனிராஜ் நிழலில் இல்லை. வாசலுக்கு நேரே, கொதிக்கிற வெயிலில், நிவிதாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பெரிய தண்ணீர் பாட்டில். அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தான், மெஷினை நிறுத்தி ஓட்டிப் பார்க்கிற பார்வை. "நல்லாருக்கியா?" "எனக்கென்ன. நீங்கதான் வெந்து போயிருக்கீங்க." அவன் பிள்ளையை இறக்கிவிட்டு பாட்டில் மூடியைத் திருகினான். குடிக்கத்தான் கொடுக்கிறான் என்று கையை நீட்டினாள். "குனி," என்றான். "இங்கயேவா? எல்லாரும் பாக்குறாங்க." "பாக்கட்டும். எழவு வீட்டுக்குப் போயிட்டுத் தல முழுகாம இருப்பியா? குனி மாரி." குனிந்தாள். உச்சியில் விழுந்த தண்ணீர் காதைச் சுற்றி, பிடரியில் இறங்கி, முதுகுக்குள் ஓடி, மூவாயிரம் வருஷமாகக் காய்ந்து கிடந்த மண்ணில் சொட்டி, சொட்டிய இடம் தெரியாமல் மறைந்தது. இதற்கா இத்தனை நாள் மூடி வைத்திருந்தோம் என்று உள்ளே ஏதோ குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று குனிந்திருக்கும்போது சொல்ல முடியவில்லை. "அம்மா, எனக்கும், எனக்கும்!" என்று நிவிதா தொப்பியைக் கழற்றிக்கொண்டு குதித்தாள். சுற்றி நின்றவர்களில் யாரோ கை தட்டினார்கள். அந்த வெள்ளைக்காரப் பாட்டி தன் பாட்டிலைத் திறந்து, நல்ல யோசனையாக இருக்கிறதே என்பதுபோல, தன் தலையிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டு ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். "மில்லுல தேட மாட்டாங்களா?" அவன் அதைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மறைப்பதற்கு இனி ஷூ வாரும் இல்லை, தொப்பியும் இல்லை. "அதுக்கு லீவு போட்டாச்சு," என்றான். "வைகாசி வரைக்கும் உன் பையிலயே கெடக்கட்டும்." வைகாசி. பிள்ளை பிறக்கிற மாதம்வரைக்கும் கணக்குப் போட்டுவைத்திருக்கிறான். "வைகாசி கடைசியா, ஆனி பொறந்துருமா?" என்று கேட்டாள். "அது அதோட இஷ்டம்." மஹ்மூது தூரத்திலிருந்து கையாட்டினான், போதுமா, வண்டி காத்திருக்கிறது. தங்கமாரி தலையைச் சிலுப்பினாள், நிவிதா மேல் தெறித்தது. எதிர் மலையில் இன்னொரு வாசல் சதுரமாக, கறுப்பாகத் திறந்திருந்தது, அதற்குள் படிகள் இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. அதன் கூரையில் என்ன வரைந்திருப்பார்கள்?

"ஏங்க, டிக்கெட்டுல இன்னும் ரெண்டு எழவு வீடு பாக்கி இருக்கு."

சீனிராஜ் காலி பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். "நில்லு, இன்னும் ரெண்டு பாட்டிலு வாங்கிட்டு வந்துர்றேன்," என்றான்.